கார்னிவல் சிரிப்பு: ரப்லேயைப் படிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார்கமெல் ஒரு ராட்சத ராணி. 11 மாதக் கர்ப்பிணி. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை உப்புக்கண்டம் போடுவதற்காக அவள் வீட்டில் 3,67,014 கொழுத்த மாடுகளை அறுத்திருக்கிறார்கள். இறைச்சியை உப்பில் போட்டு வைக்கலாம். குடலை வைத்திருக்க முடியாது, கெட்டுப்போகும். அதனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் குடல்கறி விருந்து. 'அளவாகச் சாப்பிடு' என்று கணவன் சொல்லியும் கேட்காமல் கார்கமெல் வயிறு முட்டத் தின்கிறாள். சாப்பிட்ட கூட்டம் புல்வெளியில் குடித்து ஆடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வலி எடுக்கிறது. பிள்ளை வரவேண்டிய வழியில் வராமல் உடம்புக்குள் மேலே ஏறி, இடது காது வழியாக வெளியே வருகிறது. வந்ததும் மற்றக் குழந்தைகளைப் போல வீறிட்டு அழவில்லை. 'குடிக்கக் கொடு! குடிக்கக் கொடு!' என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. அதுதான் கார்கந்துவா.

இதை எழுதிய 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவா ரப்லே சாதாரண வேடிக்கைக் கதைக்காரர் அல்ல. துறவு மடத்தில் இருந்தவர். கிரேக்கம் படித்ததற்காக மடத்து மேலதிகாரிகள் புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகு வேறு சபைக்கு மாறியவர். பிறகு மோன்பெலியே நகரில் மருத்துவம் படித்து, 1532ல் லியோன் நகரின் பெரிய மருத்துவமனையில் வைத்தியராகச் சேர்ந்தார். அதே வருடம் 'பாந்தாகுருயேல்' என்ற ராட்சதக் கதையைத் தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு அமைத்த புனைபெயரில் வெளியிட்டார். 'கார்கந்துவா' அதற்குப் பிறகு வந்தது. ஐரோப்பாவின் பெரும் அறிஞர்களில் ஒருவர் எதற்காகக் குடல்கறியையும் மூத்திரத்தையும் குடிகாரர்களின் உளறலையும் பக்கம் பக்கமாக எழுதினார்? இந்தக் கேள்விக்குப் பல நூற்றாண்டுகள் சரியான பதில் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லா புரூயேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், ரப்லே ஒரு புரியாத புதிர் என்றார். நல்ல இடங்கள் நுட்பமான ரசனை உள்ளவர்களுக்கு விருந்து, மோசமான இடங்கள் வெறும் கும்பலுக்கானவை என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் படித்தார்கள். அறிவு ஒரு பக்கம், அசிங்கம் இன்னொரு பக்கம்.

இரண்டும் ஒன்றுதான் என்று காட்டியவர் மிகயீல் பக்தின் என்ற ரஷ்ய அறிஞர். அவர் பிடித்த இழை கார்னிவல்.

கத்தோலிக்க நாடுகளில் ஈஸ்டருக்கு முன்பு 40 நாள் தவக்காலம். இடைக்கால ஐரோப்பாவில் அந்த நாட்களில் இறைச்சி கூடாது. முட்டை, பால், வெண்ணெய்கூடப் பல இடங்களில் கூடாது. சாம்பல் புதனன்று அது தொடங்கிவிடும். ஆகவே அதற்கு முந்தைய நாட்களில் இருப்பதை எல்லாம் தின்று, குடித்து, ஆடித் தீர்த்தார்கள். இதுதான் கார்னிவல். இன்று ரியோவிலும் கோவாவிலும் நடப்பவை இதன் வழித்தோன்றல்கள். ஆனால் அன்று அது ஊர்வலம் பார்க்கும் விழாவாக இருக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஆண் பெண் வேடம் போடுவான், பெண் ஆண் வேடம் போடுவாள். கோமாளிக்கு முடிசூட்டி ராஜா என்று வணங்கிவிட்டு, கடைசியில் அந்த ராஜாவையே அடித்து விரட்டுவார்கள். கார்னிவல் என்று பெயர் சூட்டிய வைக்கோல் பொம்மைக்குப் பொய் விசாரணை நடத்தி, தீர்ப்பு சொல்லி, எரிப்பதும் உண்டு. ஒரு கார்னிவல் மட்டும் அல்ல, அறுவடை, திராட்சைப் பறிப்பு, தேவாலயத் திருவிழா, சந்தை என்று இதே மாதிரி நாட்கள் பல இருந்தன. பெரிய நகரங்கள் வருடத்தில் மூன்று மாதம் வரை இந்த வாழ்க்கையை வாழ்ந்தன என்கிறார் பக்தின்.

தேவாலயத்துக்குள்ளேயும் இது நடந்தது என்பதுதான் இன்றைய வாசகருக்கு நம்ப முடியாமல் இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு, புத்தாண்டை ஒட்டி, கடைநிலைக் குருக்கள் 'முட்டாள்கள் திருவிழா' கொண்டாடினார்கள். மாலை வழிபாட்டில் மரியாளின் பாடலைப் பாடுவார்கள். அதில் வலியோரை அரியணையிலிருந்து இறக்கி, தாழ்ந்தோரை உயர்த்தினார் என்ற வரி வரும். அந்த வரி வந்ததும் தலைமைக் கோல் கடைநிலைக் குருவின் கைக்குப் போகும். வேதத்தின் வரியையே எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டினார்கள். பிறகு முகமூடி, பெண் வேடம், பலிபீடத்தின் மேலேயே சூதாட்டமும் சாப்பாடும் என்று நடந்ததாகப் பாரீஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் 1440களில் ஒரு கண்டனக் கடிதம் எழுதினார்கள். விழாவை ஆதரித்தவர்களின் வாதத்தையும் அந்தக் கடிதமே பதிவு செய்திருக்கிறது. திராட்சை ரசப் பீப்பாயை அவ்வப்போது திறந்து காற்று விடாவிட்டால் வெடித்துவிடும், மனிதர்களும் அப்படித்தான், வருடத்தில் சில நாள் பைத்தியக்காரத்தனத்துக்கு இடம் கொடுத்தால் மீதி நாள் பக்தியோடு இருப்பார்கள். இந்தப் பீப்பாய் வாதத்துக்குப் பிறகு வருவோம்.

அந்த உலகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பீட்டர் புரூகல் 1559ல் வரைந்த ஓவியம் போதும். வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் மதுக்கடை, மறுபக்கம் தேவாலயம். நடுவில் கார்னிவலின் உருவமாகப் பீப்பாய் மேல் உட்கார்ந்த தடியன், கையில் பன்றித்தலை குத்திய கம்பி. எதிரே ஒட்டிய கன்னத்தோடு தவக்காலம், கையில் இரண்டு மீன் வைத்த ரொட்டி அடுப்புத் துடுப்பு. இரண்டும் மோதிக்கொள்கின்றன. ரப்லேயும் தன் ராட்சதக் கதை வரிசையின் நான்காம் நூலில் தவக்காலத்தின் உருவமான ஒருவனையும் அவனுக்குப் பரம எதிரிகளான இறைச்சிக்குழல் (சாசேஜ்) மனிதர்களையும் கொண்டுவருகிறார். அந்தக் குழல் படைக்குக் காயம் பட்டால் மருந்து கடுகு.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

பக்தின் சொன்னவற்றில் முக்கியமானது சிரிப்பைப் பற்றியது. மற்றவை எல்லாம் அதிலிருந்து வருபவை என்றே நான் நினைக்கிறேன்.

நமக்குப் பழக்கமான கிண்டலில் சிரிப்பவர் வெளியே நிற்கிறார். ஒரு அரசியல்வாதியைக் கேலிச்சித்திரம் வரைபவர் அந்தச் சித்திரத்துக்குள் இல்லை. கார்னிவல் சிரிப்பில் வெளியே நிற்க இடமே கிடையாது. அங்கே மேடை இல்லை, பார்வையாளர் வரிசையும் இல்லை. எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். சிரிப்பவரும் சிரிப்புக்கு ஆளாகிறார். இரண்டாவது, அந்தச் சிரிப்பு இரட்டைத்தன்மை கொண்டது. திட்டுவதும் வாழ்த்துவதும், புதைப்பதும் பிறப்பிப்பதும் அதில் ஒன்றாகவே நடக்கும். வெறுமனே அழித்துவிட்டு நிற்காது.

இதை 'கார்கந்துவா'வில் ஒரே காட்சியில் பார்க்கலாம். பாரீஸுக்கு வந்த ராட்சதப் பையன் நோத்ர தாம் தேவாலயத்தின் மணிகளைக் கழற்றித் தன் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொள்ள எடுத்துப்போய்விடுகிறான். மணியைத் திருப்பிக் கேட்க ஜானோதுஸ் என்ற கிழட்டு இறையியலாளரை அனுப்புகிறார்கள். அவர் பேச வாய் திறப்பதற்குள்ளேயே மணியைக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் அவருக்குச் சொல்லவில்லை. அவர் இருமிக்கொண்டே, உடைந்த லத்தீனில், தர்க்க சாஸ்திரத்தைக் கன்னாபின்னாவென்று கலந்து, நடுநடுவே மணி கிடைத்தால் தனக்கு இறைச்சிக்குழலும் ஒரு ஜோடி கால்சட்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து, நீண்ட சொற்பொழிவு ஆற்றுகிறார். கேட்டவர்கள் உயிர் போகும் அளவுக்குச் சிரிக்கிறார்கள். அப்புறம் ஜானோதுஸும் சேர்ந்து சிரிக்கத் தொடங்குகிறார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பேசிய பேச்சுக்குப் பரிசாகத் துணி, இறைச்சிக்குழல், விறகு, மது எல்லாம் தருகிறார்கள். அவருடைய கல்வி முறையை ரப்லே தயவே இல்லாமல் தாக்குகிறார், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தக் கிழவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவில்லை. சிரிப்பின் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ரப்லே மேல் அன்பு கூடுகிறது.

இரட்டைத்தன்மைக்கு இன்னொரு இடம். கார்கந்துவாவின் மகன் பாந்தாகுருயேல் பிறக்கும்போது அவ்வளவு பெரியவனாக இருப்பதால் தாய் பாதெபெக் இறந்துபோகிறாள். மனைவி செத்ததற்கு அழுவதா, மகன் பிறந்ததற்குச் சிரிப்பதா என்று கார்கந்துவாவுக்குத் தெரியவில்லை. பசுவைப் போல அழுகிறான், உடனே கன்றுக்குட்டியைப் போலச் சிரிக்கிறான். சாவும் பிறப்பும் ஒரே கட்டிலில். பக்தின் இதற்கு இணையாக, கிரிமியாவின் கெர்ச் நகரில் கிடைத்த சில சுடுமண் பொம்மைகளைச் சொல்கிறார். வயதான கிழவிகள், வயிற்றில் பிள்ளை, முகத்தில் சிரிப்பு.

உடம்பு

ரப்லேயின் அசிங்கம் என்று சொல்லப்படுவது இங்கேதான் விளங்கும். கார்னிவல் உலகத்தில் உடம்பு மூடிய பொருள் அல்ல. வாய், மூக்கு, வயிறு, குறி, குதம் என்று உலகம் உள்ளே போகும், வெளியே வரும் இடங்கள்தான் அதில் பெரிதாகத் தெரியும். தின்பது, கழிப்பது, புணர்வது, பெறுவது, சாவது எல்லாம் ஒரே ஓட்டம். உயர்ந்தது, புனிதமானது, கருத்தாக மட்டும் இருப்பது எதுவானாலும் அதை வயிற்றுக்கும் மண்ணுக்கும் இறக்கிவிட வேண்டும். மண்ணுக்கு இறக்குவது என்றால் புதைப்பது மட்டும் அல்ல, விதைப்பதும்தான். பக்தின் இந்தப் பார்வைக்கு 'விகார எதார்த்தம்' (grotesque realism) என்று சொல்லக்கூடிய ஒரு பெயர் வைத்தார்.

பாந்தாகுருயேல் பிறப்பதற்கு முன் தாயின் வயிற்றிலிருந்து என்ன வருகிறது தெரியுமா? உப்பு மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைகளோடு 68 பேர், பன்றித்தொடையும் புகைபோட்ட நாக்கும் சுமந்த 9 ஒட்டகங்கள், விலாங்குமீன் ஏற்றிய இன்னும் 7 ஒட்டகங்கள், பிறகு வெங்காயமும் பூண்டும் நிறைந்த 25 வண்டிகள். ஒரு கர்ப்பப்பை ஒரு சந்தையையே பெற்றெடுக்கிறது. ரப்லே இதை எழுதிய லியோன் பெரிய சந்தைகளுக்குப் பேர்போன ஊர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பட்டியலின் குஷி புரியும்.

சந்தையின் பேச்சும் அப்படியே புத்தகத்துக்குள் வந்துவிட்டது. 'கார்கந்துவா'வின் முன்னுரை வாசகரை 'புகழ்மிக்க குடிகாரர்களே, மேகநோய் பிடித்த அருமையானவர்களே' என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. 'பாந்தாகுருயேல்' முன்னுரையில், லியோனில் விற்ற ஒரு மலிவுக் கதைப்புத்தகத்தைப் பற்றி, ஒன்பது வருடத்தில் விற்கும் பைபிளைவிட இரண்டு மாதத்தில் அதிகம் விற்றுவிட்டது என்கிறார். பல்வலிக்கும் மேகநோய்க்கும் அதுதான் மருந்து என்கிறார். கடைசியில், தன் கதையை நம்பாதவர்களுக்கு எல்லா வியாதியும் வரட்டும் என்று சாபம் விடுகிறார். சந்தையில் மருந்து விற்பவன் கூவுவதும் இதே முறையில்தான்: சரக்கைப் புகழ்வான், கூட்டத்தைக் கொஞ்சுவான், வாங்காதவனைத் திட்டுவான். மருத்துவம் படித்த மனிதர் தெரு வைத்தியனின் குரலை எடுத்துக்கொண்டது எவ்வளவு அழகான தேர்வு!

ராஜாவை இறக்குவது

முடிசூட்டி முடி பறிக்கும் சடங்கு ரப்லேயின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். ரொட்டி விற்பவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் நடந்த ஒரு சில்லறைச் சண்டையைச் சாக்காக வைத்து உலகத்தையே பிடிக்கப் புறப்பட்ட ராஜா பிக்ரோகோல், கடைசியில் லியோனில் கூலிக்காரனாகிறான். தோற்றுப்போன அனார்க் ராஜாவை, பாந்தாகுருயேலின் குறும்புக்காரத் தோழன் பானுர்ஜ் பிடித்து, கிழிசல் உடை மாட்டி, தெருவில் பச்சைச் சட்னி கூவி விற்கக் கற்றுக்கொடுக்கிறான். இந்த ராஜாக்கள் ஒன்றுக்கும் உதவாதவர்கள், இவனுக்கு ஒரு தொழில் சொல்லிக்கொடுத்து மனிதனாக்குகிறேன் என்பது அவன் விளக்கம். கவனியுங்கள், அவன் தலையை வெட்டவில்லை. வேலை கொடுக்கிறான், கல்யாணமும் பண்ணிவைக்கிறான்.

இதன் உச்சம், பாந்தாகுருயேலின் இன்னொரு தோழனான எபிஸ்தெமோனின் நரகப் பயணம். போரில் அவன் தலை துண்டாகிறது. பானுர்ஜ் அதை மதுவில் கழுவி, கழுத்தில் பொருத்தித் தைத்துவிட, அவன் எழுந்து உட்கார்ந்து நரகத்தில் கண்டதைச் சொல்கிறான். அங்கே மகா அலெக்சாண்டர் பழைய கால்சட்டைகளுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைக்கிறார். பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் கடுகு விற்கிறார். கிளியோபாட்ரா வெங்காயம் விற்கிறாள். பூமியில் பிச்சைக்காரனாக இருந்த டயோஜனிஸ் ஊதா அங்கியும் செங்கோலுமாக நடந்து, கால்சட்டையைச் சரியாகத் தைக்காததற்கு அலெக்சாண்டரைக் கோலால் அடிக்கிறார். அடிமையாக இருந்த எபிக்டெட்டஸ் பெண்களோடு ஆடிப்பாடிக்கொண்டிருக்க, பாரசீகத்தின் சைரஸ் வந்து இராச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வாங்கச் சில்லறை கேட்கிறார். இடைக்கால மனிதனின் அடிவயிற்றைக் கலக்கிய நரகத்தை ரப்லே ஒரு கடைத்தெருவாக மாற்றிவிட்டார். பயத்தை வெல்வது கார்னிவல் சிரிப்பின் பெரிய வேலை என்று பக்தின் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ரப்லே மட்டும்தானா? இல்லை. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1511ல் வெளியிட்ட நூலில் மடமையே ஒரு பெண்ணாக வந்து தன்னைத்தானே புகழ்ந்து பேசுகிறாள். ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸின் 'டான் குயிக்ஸோட்' நாவலில் வேலைக்காரன் சாஞ்சோ பான்சா தன் தொந்தியோடும் கழுதையோடும் பழமொழிகளோடும், எலும்பும் தோலுமான எஜமானரின் லட்சியங்களுக்குப் பக்கத்தில் நடக்கிறான். ஒரு 'தீவுக்கு' விளையாட்டு ஆளுநராக முடிசூட்டப்பட்டு, பதவியை விட்டு இறங்குகிறான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் தொந்திக் குடிகாரன் ஃபால்ஸ்டாஃப் கார்னிவலே உருவெடுத்து வந்தவன். ஆனால் அவனோடு கூத்தடித்த இளவரசன் ராஜாவானதும் 'கிழவனே, உன்னை எனக்குத் தெரியாது' என்று அவனைத் தள்ளிவிடுகிறான். ரப்லேயிடம் நடக்காதது இது. திருவிழா முடிந்துவிட்டது என்று ஷேக்ஸ்பியருக்குத் தெரிந்திருக்கிறது.

பக்தினைப் பற்றி இரண்டு வார்த்தை. 1928 இறுதியில் கைதாகி, பிறகு கஜகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டார். 1938ல் எலும்பு நோயால் ஒரு கால் போனது. ரப்லே ஆய்வை 1940ல் முடித்தார். போர் முடிந்து 1946ல்தான் மாஸ்கோவில் அதன் மேல் வாய்மொழித் தேர்வு நடந்தது. கடும் வாதத்துக்குப் பிறகு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டு, கீழ்நிலைப் பட்டம்தான் கிடைத்தது. நூலாக வந்தது 1965ல். ஸ்டாலின் காலத்தில் உட்கார்ந்து ஒருவர் பயமில்லாத சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை மறந்துவிட்டு அந்த நூலைப் படிக்க முடியாது. அதன் வேகமும் அதிலிருந்து வருகிறது, அதன் மிகையும் அதிலிருந்தே வருகிறது.

மிகை என்று ஏன் சொல்கிறேன்? பக்தினின் கார்னிவல் மிகவும் வெளிச்சமாக இருக்கிறது. உண்மையான கார்னிவலில் இருட்டு நிறைய. ரோம் நகரத்துக் கார்னிவலில் யூதர்களைக் கூட்டத்தின் ஏளனத்துக்கு நடுவே தெருவில் ஓடவிட்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வழக்கம் 1668 வரை நீடித்தது. மனைவியிடம் அடிவாங்கிய கணவனைக் கழுதை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். அது ஆணின் அதிகாரத்தைத் தலைகீழாக்கவில்லை, அதை நினைவூட்டத்தான் நடந்தது. ரப்லேயிலும் இது இருக்கிறது. தன்னை மறுத்த ஒரு பாரீஸ் பெண் மேல் பானுர்ஜ் நாய்களை ஏவும் விதம் கொடூரமானது. அதைப் புதுப்பிறப்பின் சிரிப்பு என்று விளக்கி நியாயப்படுத்த வேண்டியதில்லை.

பீப்பாய் வாதத்துக்கு வருவோம். கார்னிவல் என்பது அதிகாரம் அனுமதித்த விளையாட்டு, மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆகவே அது அதிகாரத்துக்குத்தான் உதவியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவும் இந்தப் பக்கம்தான். ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்கள் அவ்வளவு நிம்மதியாக இருக்கவில்லை. நூரெம்பெர்க்கில் 1539 கார்னிவல் ஊர்வலத்தில் அந்த ஊரின் செல்வாக்குள்ள போதகர் ஒசியாண்டரைக் கேலி செய்தார்கள். அவர் புகார் செய்ய, நகரசபை அந்த ஊர்வலத்தையே நிறுத்திவிட்டது. பிரான்சின் ரோமான் என்ற சிறு நகரத்தில் 1580 கார்னிவலின்போது வரிச்சுமையால் கொதித்துப்போயிருந்த கைவினைஞர்கள் பணக்காரர்களுக்கு எதிராக ஆடிய ஆட்டம், அவர்கள் தலைவன் போமியேயின் கொலையிலும் ஒரு படுகொலையிலும் முடிந்தது. வெடிக்காமல் இருக்கத்தான் பீப்பாயைத் திறந்தார்கள் என்றால், இங்கே திறந்தபோதே வெடித்திருக்கிறது. விழா தானாக எந்தப் பக்கமும் நிற்பதில்லை. ஊரில் ஏற்கெனவே என்ன புகைந்துகொண்டிருக்கிறதோ அதற்கு அது வேஷமும் பாட்டும் கொடுக்கிறது. வரலாற்று விளக்கமாக பக்தினை அப்படியே ஏற்க முடியாது என்றே நான் சொல்வேன். ரப்லேயைப் படிக்கும் வழியாக இன்றுவரை அவரைவிட நல்ல துணை கிடையாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். வம்ச வரலாறும் லத்தீன் கேலிகளும் புதியவரைச் சோர்வடைய வைக்கும். 'கார்கந்துவா'வில் 4 முதல் 6 வரை உள்ள விருந்தும் பிறப்பும், பிறகு ஜானோதுஸ் வரும் 18, 19, 20ஆம் அத்தியாயங்கள். அடுத்து 'பாந்தாகுருயேலி'ல் எபிஸ்தெமோனின் 30ஆம் அத்தியாயம், அதோடு 32ஆம் அத்தியாயம். அதில் கதைசொல்லி பாந்தாகுருயேலின் வாய்க்குள் நுழைந்து, அங்கே ஊர்களும் காடுகளும் இருப்பதையும், ஒருவன் முட்டைக்கோஸ் நட்டுக்கொண்டிருப்பதையும் பார்க்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் குறிப்புகள் உள்ள நவீனப் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள், திட்டுகளும் பட்டியல்களும் காதுக்காகவே எழுதப்பட்டவை. ஐந்தாம் நூலைக் கடைசிக்கு வைத்துவிடலாம். ரப்லே இறந்து 11 வருடம் கழித்து 1564ல் வந்த அந்த நூல் முழுவதும் அவர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.